பிள்ளையார் கோயில் முனையில் ஒரு ஜோடி செருப்பு

நேற்று பௌர்ணமி. கிரிவலம் போகலாம் என்று ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்பு விடும் இடத்தில் என் செருப்பைக் கொடுத்தேன். டோக்கனைக் கையில் வாங்கியதும் தனியாக நின்று சிரித்துவிட்டேன். பின்னால் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். உன் ஞாபகம் வந்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

செருப்புக்காக ஊரையே எதிர்த்த சிநேகிதி நீ. மாதம் தவறாமல் வெறுங்காலில் மலை சுற்றியவளும் நீதான். "ரோடு கொதிக்குதுடி, அண்ணாமலையாருக்குக் கண்ணே இல்ல" என்று வழியெல்லாம் புலம்புவாய். ஆனாலும் செருப்பைப் போட மாட்டாய்.

நம் காலனியிலிருந்து பஸ் ஏற, மேல்சாதிக்காரர்கள் இருக்கும் ஊர்த்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். பிள்ளையார் கோயில் முனை வந்ததும் நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். தெரு முடிந்ததும் மாட்டிக்கொள்வார்கள். என் அம்மா கழற்றினாள், நானும் கழற்றினேன். நீ ஒருத்திதான் கழற்றவில்லை. காலேஜ் போகும்போதே அந்தத் தெருவில் டக் டக்கென்று நடப்பாய். எனக்கு உன்கூட வரவே பயம்.

என் கல்யாணத்தன்று கோயிலில் தாலி கட்டி முடித்து, விருந்துக்கு நம் ஊரில் வந்து இறங்கினோம். முனையில் அம்மா என் காதோரம் வந்தாள். "ஒரு தெருதானேம்மா, கழட்டிக்கோ. நல்ல நாள் அதுவுமா வம்பு வேணாம்." மாமியார் முகம் வெளுத்துவிட்டது. எதிரே டீக்கடையில் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். நான் குனிந்து வாரை அவிழ்த்தேவிட்டேன்.

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். பட்டுப்புடவையோடு நடுரோட்டில் முட்டி போட்டு, என் காலை மடியில் வைத்து வாரை மாட்டினாய். "டைட்டா இருக்காடி?" என்று மட்டும் கேட்டாய்.

டீக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "மலைய சுத்தறப்ப கழட்டற இல்ல? எங்க தெருவுல கழட்டினா கொறஞ்சா போயிடுவ?"

நீ புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தாய். "மலை என்னைக் கழட்டச் சொல்லலண்ணே. நானா கழட்டறேன். நீங்களும் சொல்லாம இருந்து பாருங்க."

அவர் பக்கத்து ஆள் ஒருவரே சிரித்துவிட்டார். நான் நடந்தேன். தெரு முடியும்வரை செருப்பைக் கழற்றவில்லை.

ஊர்த்தெருக்காரர்கள் சும்மா விடவில்லை. அந்த வாரமே நமக்குக் கழனி வேலை கிடையாது என்றார்கள். அம்மா உன்னைத் திட்டாத திட்டு இல்லை. நீ அசரவில்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் எங்களை இழுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்தாய். உன் தலை அதிலேயே நரைத்தது. ஒருவர் பின் ஒருவராக நாங்கள் முனையில் குனிவதை விட்டோம். திட்டிய அம்மாவே கடைசியில் உனக்குக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

நோய் உன்னைக் கொண்டுபோனபோது அந்தத் தெரு வழியாகத்தான் உன்னைத் தூக்கிப் போனோம். டீக்கடை சாத்தியிருந்தது. என்ன நினைத்துச் சாத்தினாரோ, தெரியாது. மரியாதை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கிரிவலம் முடித்து மகளோடு அம்மா வீட்டில் தங்கியிருந்தேன். இன்று காலை பஸ்ஸுக்குப் போகும்போது, அதே முனையில் அவள் சட்டென்று குனிந்தாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். பார்த்தால், ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது. நடுத்தெருவில் உட்கார்ந்து இறுக்கிக் கட்டினாள். "என்னம்மா நின்னுட்ட? பஸ் போயிடும், வா" என்று முன்னால் ஓடினாள்.

எனக்கு இன்னும் அங்கே கால் தயங்குகிறது. தயங்கும்போதெல்லாம் "டைட்டா இருக்காடி?" என்கிறாய். இருக்குடி, நடக்கிறேன்.

அவளுக்கு அது வெறும் தெருமுனை. நன்றிடி.