லாயத்துக்கு நீ வந்த மத்தியானம்

மருமகள் கொள்ளு வேகவைத்திருக்கிறாள். சிங்கப்பூர் ஆங் மோ கியோவின் இந்த எட்டாம் மாடி வீடு முழுக்க அதன் ஆவி. மூட்டுவலிக்கு நல்லதாம். எனக்கோ கரண்டியைத் தொடக் கை வரவில்லை, நண்பா. நாம் புக்கிட் தீமா பந்தயக் குதிரை லாயத்தில் நின்ற காலம் மூக்குக்குள் ஏறிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி. சிராங்கூன் ரோட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் இருவரில் குதிரைப் பைத்தியம் உனக்குத்தான். உன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவன் நான். லாயம் லாயமாக ஏறி இறங்கினோம். "முன்ன குதிர பாத்த அனுபவம் இருக்கா?" என்பார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிடும். கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் லாயத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அண்ணன் நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு மாசம் சம்பளம் இல்லாம கத்துக்குங்க. அப்புறம் ஒருத்தனத்தான் துரை வச்சுக்குவாரு. பரவாயில்லையா?"

"பரவாயில்லண்ணே," என்றாய், என்னைக் கேட்காமலே.

சாணம் அள்ளினோம். கொள்ளு வேகவைத்தோம். அங்கே கப்பலில் வந்த சிவப்புப் பெட்டைக் குதிரை ஒன்று, யாரையும் அண்டவிடாது. நீ மட்டும் வாசலில் நின்று, "நான்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாய். அது சுவரோரம் ஒதுங்கி உனக்கு வழிவிடும். குளம்பு சுரண்ட நீ குனிவதற்குள் காலைத் தூக்கிக் கொடுக்கும். "சொல்லாம போனா நம்மள பேய்னு நெனச்சுக்கும்டா," என்று சிரித்தாய். வேலை உனக்குத்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அந்தத் துருப்பிடித்த ஆணி. காலில் ஏறியதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாளில் தாடை இறுகி, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நீ இல்லாத நாட்களில் அது ஒருவரையும் குளம்பைத் தொட விடவில்லை. ஒரு மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெயிலில் தகரக் கூரை முறுகிச் சத்தம் போட்டது. நானும் மண்டோரும் அதன் கொட்டடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். தூங்கி வழிந்த குதிரை சட்டென்று தலை நிமிர்ந்தது. காதுகள் வாசலை நோக்கித் திரும்பின. வாசலில் யாரும் இல்லை. மெல்லச் சுவரோரம் ஒதுங்கியது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது. ஒருவர் பொறுமையாகச் சுரண்டி முடிக்கும் நேரம் அப்படியே நின்றது. இறக்கியது. அடுத்த காலைத் தூக்கியது. நான்கு காலும் முடியும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மண்டோர் வாய்க்குக் கொண்டுபோன கோப்பிக் குவளை பாதியிலேயே நின்றது.

"பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"துரைகிட்ட சொல்லாத. குதிரைய வித்துருவாரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் உன் தம்பி சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் முகமே சொல்லிவிட்டது.

வேலை எனக்கு வந்தது. உன் அடக்கத்துக்கு மறுநாள் அந்த வாசலில் போய் நின்றேன். "நான்தான்," என்றேன். அது அசையவில்லை.

"அவன் வந்துட்டுப் போனத நானும் பாத்தேன். இனிமே நான் செய்யட்டுமா?"

வெகுநேரம் என் கையை முகர்ந்தது. பிறகு கால் தந்தது. குளம்பு சுரண்டும் கொக்கியோடு குனிந்தேன். பல நாள் யாரும் தொடாத அந்தக் குளம்பில் துளி மண் இல்லை.

சில வருடம் கழித்து அதை வடக்கே ஈப்போ ஊருக்கு விற்றார்கள். லாரியில் ஏற மறுத்தது. நான் கயிற்றைத் தளர்த்திவிட்டு விலகினேன். அது ஏறும் பலகையின் ஓரமாக, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, தானாகவே நடந்து ஏறியது.

"மெதுவா ஓட்டுங்க லா, ரெண்டு பேரு இருக்காங்க," என்றேன் டிரைவரிடம். அவர் பின்னால் எட்டிப் பார்த்தார். மெதுவாகவே வண்டியை எடுத்தார்.

உன் அடக்கத்தில் வராத அழுகை அந்த லாரிப் புழுதியில் வந்தது. அதன் பிறகும் பல வருடம் குதிரைகளோடு இருந்து, மண்டோராக ஓய்வு பெற்றேன். எந்த லாயத்திலும் அப்படி ஒன்று மறுபடி நடக்கவில்லை. பயம் எப்போதோ போய்விட்டது. இரண்டு பேராகக் கேட்டுப் போன வேலையைத் தனியாளாகச் செய்து முடித்த கனம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.