டுவெய்னின் தோட்டாக்களுக்கு எந்த மருந்து

1979 ஆகஸ்ட் 19, ஞாயிறு

காலையில் கொட்டகையைத் திறந்து தோட்டா அமுக்கும் பிரஸ்ஸுக்கு எண்ணெய் போட்டேன். எல்க் மான் வேட்டை தொடங்க இன்னும் இரண்டு மாதம். அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சுட்டுத் தீர்த்த பித்தளைக் கூடுகளை மறுபடி அடைக்கக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மொன்டானாவில் எங்கள் பக்கத்தில் யாரும் அடுத்தவர் அடைத்த தோட்டாவைச் சுடமாட்டார்கள். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்து, கண்ணுக்கு முன்னாலேயே வெடிக்க விடுகிற சமாச்சாரம். அதற்குள் எவன் என்ன போட்டானோ, யாருக்குத் தெரியும்? எங்கள் குடும்பத்தில் மட்டும் "ஆர்டிஸ் அடைச்சா சரி" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

முதலில் வந்தது சித்தப்பா மகன் லைல்.

"போன வருஷம் போட்ட வெடிமருந்தையே போட்டுடு ஆர்டிஸ்."

"அது குளிர்ல படுத்துக்குச்சே. உன் குண்டு எல்க்கோட வயித்துக்குக் கீழ பூந்து போச்சு, மறந்துட்டியா?"

"அது மருந்தோட குத்தமா, என் குத்தமா?"

"உன் குத்தம்னா கோவிச்சுக்குவே. அதான் மருந்து மேல போட்டேன்."

அவனுக்கு வேறு மருந்து எடுத்து வைத்திருக்கிறேன். பனியிலும் வெயிலிலும் ஒரே மாதிரி எரியும். வேகம் சற்றுக் குறைவு. லைலுக்கு வேகம் எதற்கு? நின்றுகொண்டிருக்கும் மானையே தவறவிடுகிறவன்.

ஆகஸ்ட் 26

தங்கை மாவிஸ் வந்தாள், அவள் புருஷன் டுவெய்னின் கூடுகளோடு. இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"குதிரை தள்ளிருச்சுக்கா."

கழுத்தில் நாலு விரல் பதிந்திருக்கிறது. எந்தக் குதிரைக்கு விரல் இருக்கிறது? கேட்டேன்.

"ஆரம்பிக்காதக்கா. இந்தத் தடவை இன்னும் வேகம் வேணுமாம். அதை மட்டும் சொல்லச் சொன்னார்."

வேகம் வேணுமாம் துரைக்கு.

செப்டம்பர் 2

டுவெய்னின் கூடுகளை இன்னும் தொடவில்லை. பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

லைல் வந்து சொன்னதும் மாவிஸ் வீட்டுக்கு ஓடினேன். மாவிஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்தியிருந்தாள். முன்பல் இரண்டும் போய்விட்டன. டுவெய்ன் மேசையில் உட்கார்ந்து பீர் குடிக்கிறான்.

"உன் தங்கச்சிக்கு வாய் ஜாஸ்தி. இப்பப் பல்லு ரெண்டு கம்மி. சரியாப் போச்சு" என்றான்.

அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். காதோரம் கிழிந்து ரத்தம் வந்தது. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் என் கையை முறுக்கி, தலைமுடியைப் பிடித்து இழுத்து, வாசல் படியில் உருட்டிவிட்டான். விலா எலும்பு மூச்சுவிடும்போதெல்லாம் குத்துகிறது.

ஷெரீப் ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். ஒரு போலீஸ்காரன் வந்தான். டுவெய்னோடு காப்பி குடித்தான், இந்த வருஷம் எல்க் எந்த மலையில் நிற்கும் என்று பேசினான். போகும்போது என்னிடம், "புருஷன் பொண்டாட்டி விஷயம்மா. நடுவுல நாம எதுக்கு?" என்றான். மாவிஸும் விழுந்துவிட்டதாகத்தான் சொன்னாள்.

நாமா? யாருடா நாம?

செப்டம்பர் 10

இன்று மருந்து தேர்ந்தெடுத்தேன்.

டுவெய்னுடையது பெரிய துப்பாக்கி. கூடு பெரிதாக இருந்தால் மெதுவாக எரியும் மருந்துதான் போடவேண்டும். சின்னச் சின்னக் குச்சிகளாக, கறுத்த சீரகம் போலிருக்கும். அது நிதானமாக எரிந்து குண்டைக் குழாய் நெடுகத் தள்ளிக்கொண்டு போகும். கைத்துப்பாக்கி மருந்து வேறு ஜாதி. மெல்லிய செதில். ஒரே நொடியில் மொத்தமும் எரிந்துவிடும். அதைப் பெரிய கூட்டில் நிரப்பினால் குண்டு நகர்வதற்குள் துப்பாக்கியே பிளந்து, பின்பக்க இரும்பு முழுவதும் சுடுகிறவன் முகத்துக்குள் போகும். அதனால்தான் மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு டப்பா. அது இந்த வேலையின் முதல் பாடம்.

இன்று இரண்டு டப்பா வைத்தேன்.

மற்ற கூடுகளிலெல்லாம் குச்சி மருந்து, ஒரே ஒரு கூட்டில் மட்டும் செதில் மருந்தை நிரப்பினேன். குண்டு வைத்து அமுக்கினேன். மற்றதோடு கலந்து பெட்டியைக் குலுக்கினேன். எது அது என்று இப்போது எனக்கே தெரியாது.

இன்று எழுத்து நேராக வருகிறது. அவனுடைய அந்த வாய், அந்தக் கண் எல்லாம் மலையில் சிதறிக் கிடப்பதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13

மாவிஸ் போன் பண்ணினாள். பல் போனதில் பேச்சு காற்றாக வருகிறது. "தோட்டா ரெடியாக்கா? சனிக்கிழமை குறி சரிபார்க்கப் போறோம்."

"அவனே வந்து வாங்கிக்கட்டும்."

"நான்தான் வருவேன். மொதல்ல நாலஞ்சு என்னையத்தான் சுடச் சொல்வார். பெரிய துப்பாக்கி இல்ல, உதைக்குது. தோள் வலிக்குமாம் அவருக்கு. குறி சரியா விழுந்தப்புறம்தான் துப்பாக்கியைக் கையில வாங்குவார்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனைக்கூட ஒழுங்காக வைக்கவில்லை. கொட்டகைக்கு ஓடினேன்—

கழற்றும் சுத்தியலில் ஒவ்வொரு தோட்டாவாக மாட்டி அடித்தேன். குண்டு விழும், மருந்து கொட்டும். குச்சி. குச்சி. திரும்பவும் குச்சி. பாவி, இது எங்கே போய்த் தொலைந்தது? விலா கிழிகிற மாதிரி வலிக்கிறது, அடிக்கிறேன். பெட்டி முக்கால்வாசி தீர்ந்தபிறகு தட்டில் செதில் கொட்டியது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அந்த மருந்தை வாசலில் கொட்டிக் கொளுத்தினேன். பொசுக்கென்று போய்விட்டது. என் மாவிஸ் முகத்தை நானே, இந்தக் கையாலேயே— போதும். எழுத முடியவில்லை.

செப்டம்பர் 14

எல்லாவற்றையும் மறுபடி அடைத்தேன். ஒரே டப்பா, நல்ல மருந்து, ஒவ்வொன்றும் தராசில் நிறுத்தது. மாலையில் மாவிஸ் வந்து வாங்கிப் போனாள்.

செப்டம்பர் 30

விடியும் முன் மாவிஸ் நடந்தே வந்துவிட்டாள். ஒரு காலில்தான் செருப்பு. கன்னத்தில் துப்பாக்கிக் கட்டையால் இடித்திருக்கிறான். குறி சரியாக விழாததற்கு. இரண்டு வாரமாகத் தினமும் அதுதான் பேச்சாம். "இனிமே போகமாட்டேன்க்கா" என்றாள். முதல் தடவையாகச் சொல்கிறாள்.

அவனுக்குப் போன் பண்ணினேன்.

"டுவெய்ன், பெட்டியில மிச்சம் இருக்கிற தோட்டாவுல ஒண்ணு மட்டும் கைத்துப்பாக்கி மருந்து. எதுன்னு எனக்கே தெரியாது."

"பொய் சொல்றே."

"அப்ப சுட்டுப் பாரு. கன்னத்தை நல்லா அழுத்தி வச்சுக்கிட்டுச் சுடு."

பெட்டியைத் திறந்து தோட்டாக்களைக் கிண்டுகிற சத்தம் கேட்டது. என்ன சுகம் அது!

அக்டோபர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் மாவிஸ் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். டுவெய்னின் லாரி வந்து நின்றது. குடித்திருந்தான். இறங்கும்போதே கையில் துப்பாக்கி. ஊர்க் கடையில் அவன் துப்பாக்கிக்குத் தோட்டா வந்து மாசக்கணக்காகிறது. உள்ளே இருப்பது என் தோட்டாதான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"வண்டில ஏறு. இல்லேன்னா இங்கேயே விழு" என்று அவளைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினான். கன்னத்தைக் கட்டையில் வைத்தான். விரல் விசைக்குப் போனது.

எனக்குக் குரல் எப்படி வந்ததோ. "உள்ள இருக்கிறது எது டுவெய்ன்? நல்லதா, மத்ததா?"

கன்னத்தை எடுத்தான். திரும்ப வைத்தான். எடுத்தான். கடைசியில், மலம் கழித்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி துப்பாக்கியை முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த ஒரு கணம் போதும். மாவிஸ் விறகுக் கோடரியின் மொட்டைப் பக்கத்தால் அவன் முழங்கையில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. துப்பாக்கி வெடித்து, குண்டு லாரியின் முன்பக்கத்தைத் துளைத்தது. தண்ணீர் கொட்டிற்று.

அவன் மண்டியிட்டு, நல்ல கையால் முகத்தைத் தடவிப் பார்த்தான். மூக்கு, கண், வாய். எல்லாம் இருந்தது.

"நல்லாத்தானேடி வெடிச்சுது..."

"நான் அடைச்சா நல்லாத்தான் வெடிக்கும்" என்றேன்.

மாவிஸ் அவன் முழங்காலில் அடித்தாள். பிறகு தோளில். பிறகு வாயில். நான் உடனே தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா? "போதும்டி" என்று நான் சொன்னபோது அவன் கத்துவதையே நிறுத்தியிருந்தான். உயிர் இருந்தது. அவன் பல்லை அவள் எண்ணிப் பார்த்தாளோ என்னவோ, கோடரியைக் கீழே போட்டுவிட்டு என்மேல் சாய்ந்துகொண்டாள்.

1980 பிப்ரவரி 12

கோர்ட். டுவெய்னின் வக்கீல் கேட்டார்: "போன்ல சொன்னீங்களே, அது வெறும் மிரட்டலா, இல்ல நிஜமாவே அப்படி அடைச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வாயில் பொய் வரவில்லை. அடைத்தேன், பிறகு கழற்றிவிட்டேன், ஏன் கழற்றினேன் என்பதுவரை சொன்னேன். நீதிபதி என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். அப்புறம் டுவெய்னுக்கு ஜெயில் என்றார். பின்வரிசையில் லைல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 24

இந்த வருஷம் கூடுகளோடு யாரும் வரவில்லை.

செப்டம்பர் 6

கடை வாசலில் லைலைப் பார்த்தேன். கையில் கம்பெனித் தோட்டாப் பெட்டி. முதுகுக்குப் பின்னால் மறைத்தான், பாவம். "இந்த வருஷம் உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..." என்று இழுத்தான். நான் கோபப்படவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் என் தோட்டாவைச் சுடமாட்டேன்.

வீட்டுக்கு வந்து கொட்டகையைப் பூட்டினேன். மருந்து டப்பாக்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

செப்டம்பர் 14

மாவிஸ் வந்தாள். புதுப் பல் கட்டியிருக்கிறாள். சிரித்தால் இன்னும் கையால் மறைக்கிறாள். மேசையில் ஒரு காப்பி டப்பாவைக் கவிழ்த்தாள். பித்தளைக் கூடுகள் உருண்டன. சொந்தமாகத் துப்பாக்கி வாங்கியிருக்கிறாளாம். தனியாக எல்க்குக்குப் போகிறாளாம்.

"எந்த மருந்துடி போடட்டும்?"

"அது எனக்கு எதுக்கு? நீ பார்த்துப் போட்டு வை."

"மாவிஸ்... அன்னிக்கு அந்தப் பெட்டித் தோட்டாவை நீதான் முதல்ல சுட்டிருப்பே—"

"தெரியும்க்கா. கோர்ட்ல நானும்தான் உட்கார்ந்திருந்தேன்." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "செவ்வாக்கெழம வந்து வாங்கிக்கிறேன். கடையில ரொட்டி ஏதும் வேணுமா?"

வேண்டாம் என்றேன். அவள் போனபிறகு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, கூடுகளைக் கழுவிக் காயவைத்தேன்.