பரனைட்டுக்கு எதிராகத் தூக்கிய கை

மாஸ்டர்,

மருமகளுக்குக் காய்ச்சல் என்று இன்று காலை பாமசிக்குப் போய் ஒரு வெப்பமானி வாங்கினேன். "காய்ச்சலுக்குத்தானே ஐயா? அப்ப பரனைட்டில காட்டுறதைத் தாறன்" என்றாள் அங்கே நின்ற பிள்ளை. வெயிலைச் செல்சியஸில் சொல்லும் இதே ஊர், காய்ச்சலை மட்டும் இன்னும் பரனைட்டில்தான் சொல்கிறது. வீடு வந்து சேரும்வரை மனதுக்குள் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன்.

துறைமுகத்து இயந்திரசாலையில் எண்ணெய் துடைத்த காலத்தில், கப்பல்களில் இருந்த மானிகளைப் பார்த்துத்தான் ஆங்கில எழுத்தையும் பாகையையும் படித்தேன். எனக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு என் சொந்த வெப்பமானியை வாசிகசாலை விறாந்தையில் மாட்டினேன். ஒவ்வொரு மத்தியானமும் அதைப் பார்த்துக் கரும்பலகையில் பரனைட்டில் எழுதுவேன். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் சல்லிக் கிராமத்திலிருந்து வரும் மீன்காரர் சைக்கிளில் இருந்தபடியே வாசிப்பார். "தொண்ணூற்றஞ்சோ! மீன் பெட்டிக்குள்ளேயே அவிஞ்சிடும் போல."

நீங்கள் கணக்கு வாத்தியார். ஆனாலும் தேநீர்க் கடையில் என் பக்கம்தான் பேசினீர்கள். எண்பத்தேழுக்கும் எண்பத்தெட்டுக்கும் உள்ள வித்தியாசம் என் முதுகுக்குத் தெரியும், செல்சியஸ் இரண்டையும் முப்பத்தொன்று என்று விழுங்கிவிடும் என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள். வழக்கம்போல என்னை 'ஐசே' என்று கூப்பிட்டுச் சொன்னீர்கள்: "பள்ளிக்கூடத்தில சம்பளத்துக்குச் செல்சியஸ் ஐசே. எனக்கு வேர்க்கிறது பரனைட்டிலதான்."

அதைச் சொன்ன அதே கிழமைதான் வாசிகசாலைக் கூட்டம். பலகையைச் செல்சியஸுக்கு மாற்ற வேண்டும், பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்றார் செயலாளர்.

"உம்மட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எதில பாக்கிறனீர்?" என்று கேட்டேன்.

"அது காய்ச்சல் ஐயா. இது வெயில்."

சபை சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சம்மதமானவர்களைக் கையைத் தூக்கச் சொன்னதும் நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் கையைத் தூக்கினீர்கள். நான் எழுந்துபோய் வெப்பமானியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன். அது இப்போது என் குசினிச் சுவரில் தொங்குகிறது. அதன்பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. தெருவில் கண்டால் நீங்கள் குடையைச் சரித்துக்கொண்டு போவீர்கள்.

உங்கள் கடைசிக் காய்ச்சலின்போது வீட்டம்மா ஆளனுப்பினார். வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். நீங்களே வெப்பமானியை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தீர்கள்.

"நூற்று மூண்டு ஐசே. உம்மட கணக்குத்தான். சந்தோசமோ?"

"அதை விடுங்கோ மாஸ்டர். அண்டைக்கு ஏன் கையைத் தூக்கினனீங்கள்?"

வெப்பமானியை உதறி உறைக்குள் போட்டீர்கள். "எல்லாரும் தூக்கினவை ஐசே."

இரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

செல்சியஸ்தான் சரி என்று நம்பித் தூக்கியிருந்தால், சாகும்வரை உங்களோடு வாதாடிக்கொண்டு அதே தேநீர்க் கடையில் இருந்திருப்பேன். நம்பிக்கைக்கு நான் பகையாளி இல்லை. ஆனால் நீங்கள் ஒன்றையும் நம்பவில்லை. பக்கத்துக் கதிரையில் கை எழும்பியது, உங்கள் கையும் எழும்பியது. செத்தவரை மன்னிக்க வேண்டும் என்கிறாள் மருமகள். என்னால் ஏலாது.

நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு பதில்தான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். கணக்கு வாத்தியார் சொன்ன பதிலானாலும் அது பிழை, மாஸ்டர். எல்லாரும் தூக்கவில்லை. அந்தச் சபையில் நானும் இருந்தேன்.