நாராவில் எழுதிவைத்த பெயர்

நாரா, ஜப்பான்
3-11-1959

அன்புள்ள அண்ணிக்கு, ஜெயச்சந்திரன் வணக்கத்துடன் எழுதுவது.

இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. "மலாயாவுல இருந்த உங்கண்ணனை சண்டையப்ப சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துக்கினு போனவன் ஊர்ல ஒனக்கு இன்னாடா பஜனை?" என்று நான் கிளம்பும்போது கேட்டீர்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லையா?

எங்கள் திருப்பதி இளைஞர் பஜனைக் குழுவை இங்குள்ள கோயில்காரர்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள். இங்கே கக்கூசுக்கென்று தனிச் செருப்பு. ஆதிநாராயணன் அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டான்! ஒரு கோயிலில் நம் சரஸ்வதி இருக்கிறாள், கையில் வீணை போல ஒரு வாத்தியம். முதலில் தெலுங்கில் பாடுவதா தமிழில் பாடுவதா என்று நாங்கள்தான் அவள் எதிரே சண்டை போட்டோம்.

தங்கிய வீட்டு அம்மாளின் மகன் பர்மாப் போரில் இறந்தவன். என் மொட்டையைப் பார்த்துச் சாமியார் என்று நினைத்து, அவன் பெயர் எழுதி வீட்டில் வைத்துக் கும்பிடும் பலகை முன் பாடச் சொன்னார். பாடினேன். "உங்கள் வீட்டில் இறந்தவர் உண்டா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதையும் ஒரு பலகையில் எழுதி, தினமும் காலையில் இருவருக்கும் சோறு வைக்கிறார்.

குழுவின் படம் இணைத்துள்ளேன்.

ஜெயச்சந்திரன்

நகரி
17-11-1959

ஜெயச்சந்திரனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

உன் அண்ணனுக்குச் செத்தவர் சோறு வைக்கச் சொல்ல நீ யார்? பதினெட்டு வருடமாகக் கடிதம் இல்லை. செத்தார் என்றும் சேதி இல்லை. அவருக்குத் தெரிந்த முகவரி 'நகரி, மதராஸ் மாகாணம்'. ஆந்திரா பிரிந்த வாரமே தபாலாபீசுக்குப் போய், பழைய முகவரியில் வந்தாலும் என்னிடம் சேர்க்கச் சொன்னவள் நான். இப்போது திருத்தணி அந்தப் பக்கம் போகப்போகிறதாம், நாம் இந்தப் பக்கமாம். எந்தப் பக்கமானாலும் என் குங்குமம் நெற்றியில் இருந்தது. ஜப்பான்காரி வீட்டில் உட்கார்ந்து அதை அழித்துவிட்டாய்.

படத்தில் பத்துப் பேருக்கு முடி இருக்கிறது, உனக்குத்தான் இல்லை. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி, ஒன் கொழுந்தன் மொட்டை போட்டுக்கினு நிக்கிறான், யாருக்குக் கருமாதி?" என்றாள். பயண வேண்டுதல் என்று என்னிடம் சொன்னாயே!

உனக்கு என்ன தெரியும்? மறைக்காமல் எழுது.

நாகேந்திரன் மனைவி சுலோசனா

நாரா
29-11-1959

அண்ணிக்கு,

மொட்டை அண்ணனுக்காகத்தான்.

நாற்பத்தாறில், அண்ணனோடு போன முனிரத்தினம் மலாயாவிலிருந்து திரும்பியபோது அம்மாவிடமும் என்னிடமும் சொன்னான்: "வாந்திபேதி வந்துச்சு. ரெண்டே நாளு. நாந்தான் மண்ணு தள்ளினேன்." உங்களிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை இன்று உடைக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா உங்களுக்குப் பூ வைத்துவிடுவதைப் பதிமூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு திதி கொடுக்க முடிந்ததா? வாய்விட்டு அழ எனக்கு ஒரு வீடு கிடைத்தது. அது ஜப்பானில் இருந்தால் என்ன? உங்கள் நெற்றிக்குப் பயந்து பயந்தே என் வயது போய்விட்டது, அண்ணி!

பலகையை எடுக்கச் சொல்லட்டுமா?

ஜெயச்சந்திரன்

நகரி
11-12-1959

ஜெயச்சந்திரனுக்கு,

முனிரத்தினம் முதலில் என்னிடம்தான் வந்தான். தறியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டேன். அத்தை தாங்கமாட்டார், அவரிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறான், பாவி. மகன் இருக்கிறான் என்று நம்புகிறாரே, அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும் என்று வெள்ளிதோறும் தலையைக் கொடுத்தேன். உனக்கு எதுவும் தெரிந்திருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போன கடிதத்தில் கேட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று வெள்ளி. அத்தை பூவோடு வந்தார். என்னால் தலையைக் குனிய முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தார், எனக்கும் தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டார். அடுப்பங்கரையில் இன்னும் அழுதுகொண்டிருக்கிறார். பூ கூடத்தில் கிடக்கிறது, இருவரும் எடுக்கவில்லை.

பலகை இருக்கட்டும். அந்த அம்மாளிடம் சோறு சூடாக வைக்கச் சொல். ஆறினால் உன் அண்ணன் தொடமாட்டார்.

திரும்பி வந்தால் ஆதிநாராயணன் வீட்டில் இறங்கிக்கொள். இங்கே வராதே. இந்த வீட்டில் இத்தனை வருடம் உயிரோடு இருந்தவரை உன் கடிதம் கொன்றுவிட்டது. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

சுலோசனா