பெரிவிங்கிளுக்கு ஐந்து நிமிடம்

மார்ச் 4, 2025. செவ்வாய்

எங்கள் வெரிபீ ஊர்த் தமிழ் மூத்தோர் சங்க ஆண்டு விழாவில் பேச எனக்கு ஐந்து நிமிடமாம். பேசப்போவது பெரிவிங்கிள் பற்றி. நெப்போலியன் காலத்து ஆங்கிலேயப் போர்க்கப்பல். இரண்டு பாய்மரம், பத்துப் பீரங்கி. நூலகப் புத்தகங்களை அகராதியோடு வாசித்து அதன் முழு வாழ்க்கையையும் ஆறு வருடமாகச் சேர்த்தேன். இருபது நிமிடமாவது வேண்டும். தலைவர் வரதராஜா சிரிக்கிறார்.

"அண்ணை, உது போர்க்கப்பலே? வெங்காயத் தோணி பிடிச்ச கப்பலெல்லோ."

பிடித்தது வெங்காயம்தான். அதற்கென்ன? பிரெஞ்சுக்காரனின் வெங்காயம்.

மார்ச் 8. சனி

போன வருடம் என் பேச்சைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தார்கள். கேட்டது காலிக் கதிரைகள் மட்டும். இம்முறை சண்டை பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

"பசியோட இருக்கிற சனத்துக்கு முன்னாலயோ? நல்லா வெண்டியள்," என்றாள் மனைவி யோகேஸ்வரி.

மார்ச் 12. புதன்

பேச்சை வெட்டட்டாம். ஒரு வரியும் வெட்டேன். ஐந்து நிமிடம் முடிகிற இடத்தில் நிறுத்தி இறங்குவேன்.

மார்ச் 15. சனி

இறங்கினேன். பெரிய பிரெஞ்சுக் கப்பல் துரத்துகிறது. பாரம் குறைய பெரிவிங்கிள் தன் பீரங்கிகளையே கடலில் தள்ளுகிறது. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் முடிந்தது. நன்றி, வணக்கம்.

"என்னண்ணை, தப்பினதோ இல்லையோ?" பின்வரிசையிலிருந்து சங்கத்து இந்திரகுமார் கேட்டார்.

"தலைவரைக் கேளும்."

சாப்பாடு ஏற்றிவரும் வான் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கிறது என்று அப்போதுதான் செய்தி வந்தது. வரதராஜா என் காதுக்குள் குனிந்தார்.

"அண்ணை, சனம் எழும்பப் போகுது. கொஞ்சம் இழுங்கோ."

"ஐஞ்சு நிமிசம் தந்தனீர். முடிஞ்சுது."

"எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோவன்."

"மைக்கில சொல்லும்."

சொன்னார். ஏறினேன்.

தப்பியது. வெறுங்கையோடு துறைமுகம் வந்து, புதுப் பீரங்கி ஏற்றி மறுபடியும் போனது. வெங்காயத்துக்கு மண்டபமே சிரித்தது, வரதராஜாவும். நடுவில் சாப்பாடு வந்து கதவடியில் மணத்தது. ஒருவர்கூட எழும்பவில்லை. போர் முடிந்து, கப்பலை நிலக்கரி ஏற்ற விற்ற பிறகே முடித்தேன்.

சோறு ஆறிவிட்டது. நன்றாக இருந்தது.

மார்ச் 16. ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. கொத்தமல்லித் தண்ணீர்.

மார்ச் 18. செவ்வாய்

யோகேஸ்வரி குசினியிலிருந்து கேட்டாள். "கப்பலை வித்தாப்பிறகு அந்தக் கப்டன் எங்கையப்பா போனவர்?"

இத்தனை வருடத்தில் அவளது முதல் கேள்வி. புத்தகத்தில் இல்லை, தெரியாது என்றேன்.

"தெரியாட்டித் தேடுறது."

நான் கண்ணாடியையும் நூலக அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், அவள் காரில் ஏறி இருந்துவிட்டாள்.