வீடு முழுக்க ஒரே வாய்

மார்ச் 3
இன்று முதல் இந்த வீட்டின் சுவர்கள் பேசும். அறிவிப்பவன்: அக்காவின் ஒரே தம்பி, அண்டசராசரத்தின் கடைசி மேதை.

அக்காவுக்குப் பார்வை மங்கிவிட்டது. சுவர்க் கடிகாரம் வெறும் வெள்ளை வட்டம். மணி, மாத்திரை, மழை எல்லாவற்றுக்கும் மகளைத்தான் கேட்கிறாள். மகளுக்கோ வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகமாட்டேன் என்கிறாள். இவள்தான் எங்கள் வீட்டு நீதிபதி.

"நான் போயிட்டா அம்மா யாரைக் கேப்பாங்க மாமா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க மணி கேட்டாலே கதை விடுவீங்க."

சரி. சமையலறை ஸ்பீக்கர், கூடத்து டிவி, படுக்கையறை போன் மூன்றுக்குள்ளும் ஒரே ஏ.ஐ. குரலைக் குடியேற்றுகிறேன். கேள்வி எங்கே பிறந்தாலும் பதில் அங்கேயே.

மார்ச் 7
அக்கா மணி கேட்டாள். மூன்றும் ஒரே நேரத்தில் கத்தின. பக்கத்து வீட்டுக்காரர் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்.

"டேய், ஒரு தம்பியவே என்னால தாங்க முடியல. மூணு எதுக்குடா?"

அந்தக் குரலுக்கு விதி எழுதினேன்: அருகில் இருப்பது மட்டும் பேச வேண்டும். மற்றவை வாயை மூட வேண்டும்.

மார்ச் 8
மூடுகின்றன. நான்தான் மூடவில்லையாம். நீதிபதியின் குற்றச்சாட்டு.

மார்ச் 12
நீதிபதி முன்னிலையில் மாபெரும் சோதனை. அக்கா கூடத்தில் நின்று, "ராத்திரி மாத்திரை எதுப்பா?" என்றாள்.

டிவி கம்பீரமாகச் சொன்னது: "விவரம் திரையில் உள்ளது, பாருங்கள்."

அக்கா சிரித்தாள். "பாத்துட்டேன்டா. பிரமாதம்." நீதிபதி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி என்னை நானே கேட்டேன்: என்ன மனுஷன்டா நீ? திரை இருந்தா எழுதிக் காட்டிட்டா போதும்னு நீதானே வச்சே? யார் கண்ணுக்கு? உன் கண்ணுக்கு — 

மார்ச் 13
விதி எல்லாவற்றையும் கலைத்து மறுபடி எழுதினேன். திரை இருந்தாலும் வாயால் முழுசாகச் சொல்ல வேண்டும். அக்கா சமையலறையில் ஆரம்பித்த பேச்சைப் படுக்கையறையில் முடிப்பவள். ஆகவே அங்கே கேட்டது இங்கே நினைவிருக்க வேண்டும். கடைசியாக, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். எங்கள் பரம்பரையில் யாரும் உச்சரித்திராத சொல்.

மார்ச் 16
நீதிபதி துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வீடெங்கும் கேள்வி கேட்டபடி நடந்தாள். கட்டில் விளிம்பில் இடித்து முழங்கால் வீங்கியது. தீர்ப்பு எனக்குச் சாதகம். வேலைக்குச் சம்மதம் அனுப்பிவிட்டாள்.

மார்ச் 22
காலையில் நீதிபதி ஊருக்குப் புறப்பட்டாள். மாலை, சமையலறையில் அக்காவின் குரல்: "என் மக போய்ச் சேந்துட்டாளா?"

"சேந்துட்டாங்க. இப்பதான் செய்தி வந்துச்சு."

கையைத் துடைத்தபடி படுக்கையறைக்கு வந்தாள். நான் அங்கே கட்டிலில் கிடந்தேன்.

"சாப்பிட்டாளா?"

யார் என்று போன் கேட்கவில்லை. "அது தெரியலை. அவங்ககிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?"

"கேளு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது. நிச்சயமா உங்கிட்ட கத்துக்கல."

பதிலுக்கு ஒரு மகாகாவியமே நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் போன்தான் அவளுக்கு அருகில் இருந்தது. விதி எழுதியவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.