மணல்மேட்டில் அப்பா இழுத்த கோடு

அன்புச் சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டதால் எனக்குத்தான் காது வலி, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, போன தடவை அனுப்பிய போட்டோவில் தொப்பி இல்லாமல் நிற்கிறாய்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இருந்துவிடுங்கள், பக்கவாதம் வந்த அப்பாவைத் தனியாக விட மனசு கேட்கவில்லை என்றாய், நான் பதில் சொல்லாமல் போனை அவரிடம் கொடுத்துவிட்டு நழுவினேன். பிறகு அவரிடம் கேட்டதற்கு, இனிமே நான் எங்க இருந்தா என்ன, மூலையில போட்ட பழைய டயர்தானே என்றார். பஸ் டிப்போவில் அத்தனை வருஷம் மெக்கானிக்காக இருந்த மனுஷனுக்கு வேறென்ன தோன்றும். எனக்குச் சுருக்கென்றது. அந்த வீம்பில்தான் அவரை ஊருக்கு வெளியே இருக்கும் பாலைவனப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உடனே தலையில் கை வைத்துக்கொள்ளாதே, முழுதும் படி.

விடிந்ததும் பஸ்ஸில் போய் இறங்கினோம். மணல்மேடுகளுக்கு நடுவே நடைபாதை, வழி தவறாமல் இருக்க அங்கங்கே மஞ்சள் அடித்த கம்பங்கள். கூட வந்த காவலர் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், ராத்திரி யார் யார் போனார்கள் என்று மணலைப் பார்த்தே காட்டிக்கொண்டு வந்தாள். வண்டு நடந்த தடம் தையல் போட்டதுபோல் இருந்தது, பல்லி வாலை இழுத்த கோடு, பாம்பு நெளிந்துபோன அடையாளம், புதருக்கடியில் ஒரு எலி வளை, அதன் வாசலில் அப்போதுதான் தள்ளிய ஈர மணல். நரி போட்ட எச்சத்தைக்கூடக் குச்சியால் கிளறி உள்ளே பழக்கொட்டை இருப்பதைக் காட்டினாள், நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன், அப்பா குனிந்து பார்த்தார். ஒரு தடத்தின் மேல் இன்னொன்று பதிந்திருந்தால் மேலே இருப்பதுதான் பிந்தி வந்தது என்றும் சொன்னாள். நாங்கள் இருவரும் கெட்டியான ஓரத்தில் நடக்க, ஊன்றுகோலை வேண்டாமென்று வீட்டிலேயே விட்டுவந்த அப்பா நடுமணலில் நடந்தார். மேடு ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான்தான்.

திரும்பும்போதுதான் கூத்து. அப்பா சட்டென்று நின்று மணலைக் காட்டி, இங்க எவன் வண்டிய கொண்டாந்தான், ஒரு சக்கரம் இறுகிப்போய் இழுத்துக்கிட்டே போயிருக்கு பாரு, இதையெல்லாம் நீங்க கேக்கறதில்லையா என்று அந்தப் பெண்ணிடம் எகிறினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நேரம்தான் மழுப்புவது, அது வரும்போது நீங்க இழுத்துக்கிட்டு நடந்த இடது காலுங்க என்று நானே சொல்லிவிட்டேன். ஏன்தான் கூட்டி வந்தோமோ என்று ஆகிவிட்டது எனக்கு. அவர் மெல்ல மணலில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தக் கோட்டின் மேலேயே நரியின் பாதம். நாங்கள் ஏறிப்போன பிறகு அது அவர் தடத்திலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் புதர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆள் போன சூடு ஆறுமுன் அது இப்படி வருவது அபூர்வம் என்றாள் காவலர் பெண். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, சக்கரம் இறுகியும் இவ்வளவு தூரம் ஏறியிருக்கேன்டி, வண்டி ஓடுது என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மணல் விழுந்துவிட்டது என்று சமாளித்தேன்.

அன்றிலிருந்து வாராவாரம் போகிறோம். நடக்கட்டும், நல்லதுதான் என்கிறார் டாக்டர். வீடெல்லாம் மணல், பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு ஒடிகிறது. அடுத்து அந்த நரியை நேரில் பார்த்தே தீருவேன் என்று சின்னப் பிள்ளைபோல் அடம் வேறு.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை சிட்டு. எனக்கும் பயம்தான், குளியலறையில் அவர் சற்றுத் தாமதித்தாலும் கதவைத் தட்டுகிறேன். ஆனாலும் வீட்டை விற்கப் போவதில்லை. அவருக்கு நடக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது, எனக்கு என் பழைய மனுஷன் கிடைத்திருக்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெஞ்சு முட்ட இருக்கிறது, அங்கே குளிர் விட்டதும் கட்டாயம் வருகிறோம். மாப்பிள்ளை காரில் கேட்கும் அந்தச் சத்தத்தை யாரிடமும் காட்ட வேண்டாம், தானே வந்து பார்த்துக்கொள்வதாக அப்பா சொல்லச் சொன்னார்.

இருவரும் மனம் ஒத்து, நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, எங்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு.

இப்படிக்கு,
உன் அம்மா